நாற்பத்தோராவது புள்ளி

இது நடந்தது பகலில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியம் மூன்றே கால் மணி. மழை இல்லை, மின்னல் இல்லை, எந்த நாயும் ஊளையிடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பேய் என்று ஒன்று இருந்தால் அது இருட்டிய பிறகுதான் வேலைக்கு வரும் என்று நம்பி, இருபத்தொரு வருடமாகப் பகலில் தைரியமாக நடமாடிய ஆள் நான். அந்த வசதி இப்போது எனக்கு இல்லை.

இதில் வரும் நேரங்கள் எல்லாம் வண்டியின் பதிவில் இருப்பவை. நானாக ஒரு நிமிடம்கூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் நம்பாமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட், ஓட்டுநர் இல்லாத வண்டி. ஆறு பேர் உட்காரலாம். ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் கிடையாது, திறக்கிற ஜன்னல் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ லிஃப்டைக் கழற்றிச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘பெட்டி’. அதை ஓட்டிப் பார்க்க, மூடிப்போன ஒரு சிமெண்ட் ஆலையின் வளாகத்தைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் வட்டப் பாதை. பாதையின் ஒரு பக்கம் பழைய சுண்ணாம்புக் கல் குவாரி. எட்டு மாடி ஆழம். அடியில் பச்சைத் தண்ணீர்.

பெட்டிக்குக் கண் வானத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை வைத்துத்தான், தான் எங்கே நிற்கிறோம் என்று அது தெரிந்துகொள்கிறது. உங்கள் கைபேசியும் அதைத்தான் செய்கிறது, ஆனால் மூன்று மீட்டர் முன்னே பின்னே சொல்லும். எங்களுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் அனுமதி. அதற்கு ஒரே வழி, பாதை முழுக்கப் புள்ளிகளைக் குறிப்பது. ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே ஒரு கம்பு, உச்சியில் வெள்ளைக் கிண்ணம்போல ஒரு ரிசீவர், நடுவில் ஒரு சின்னக் குமிழி. குமிழி வட்டத்தின் நடுவில் இருக்கும்படி கம்பை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நிற்க நிற்கப் பிழை குறையும். எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறோமோ, அவ்வளவு துல்லியம். இதில் அறிவு எதுவும் தேவையில்லை என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

மொத்தம் நாற்பது புள்ளி. முப்பத்தொன்பதை ஒழுங்காக நின்று முடித்தேன். நாற்பதாவது, குவாரிப் பக்கம். கால் விட்டுப்போயிருந்தது. கம்பை ஓர் உடைந்த கான்கிரீட் கட்டையில் சாய்த்துவிட்டு, இடிந்த சுவரின் நிழலில் போய் உட்கார்ந்தேன். கண் அயர்ந்துவிட்டது. எழுந்து பார்த்தால் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.

கம்பு கட்டையில் சாய்ந்திருக்கவில்லை. தனியாக நேராக நின்றது. குமிழி மிகச் சரியாக நடுவில்.

கம்பு தானாக நிற்காது. கையை எடுத்தால் விழும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் செய்தது என்ன? ‘பரவாயில்லையே, நல்லா சாய்ச்சு வச்சிருக்கேன்’ என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

மறுவாரம், தேர்வாளர்கள் வருவதற்கு முந்தின நாள், வண்டியைப் பத்துச் சுற்று விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. பத்தாவது சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். என் ராசி. பாதை கண்ணுக்குத் தெரியாதபடி தள்ளி, ஆலை வாசலில் போட்ட கூடாரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் கொசு உட்கார்ந்திருந்தான். ஆள் நாற்பத்தைந்து கிலோ, காதருகே வந்து பேசுவான், அதனால் அந்தப் பெயர்.

“சாகாம வா,” என்றான் கொசு வாக்கி-டாக்கியில். “நாளைக்கு உன் பேர்லதான் ரெக்கார்ட் நோட்டு.”

இதை அவன் ஒன்பது சுற்றும், ஏறுகிற எல்லோரிடமும் சொன்னான்.

3:05-க்குக் கிளம்பினோம். வண்டியும் நானும். முதல் இருக்கையில் நான். ஏசி சில்லென்று இருந்தது. திரையில் பதினாலு செயற்கைக்கோள், பிழை 0.02 மீட்டர், பயணிகள் 1. பத்துப் புள்ளிக்கு ஒரு நிறுத்தம். கதவு திறக்கும், பத்து நொடி நிற்கும், மூடும். நிறுத்தத்தைத் தவிர வேறெங்கும் கதவு திறக்காது.

3:16. முப்பதாவது புள்ளி. லாரிகளை எடை போடும் பழைய மேடை. சுற்றிலும் ஓர் ஈ காக்கை இல்லை. கதவு திறந்தது. பத்து நொடி. அனல் காற்று உள்ளே வந்தது. கதவு மூடியது.

வண்டி கிளம்பவில்லை.

டிங்.

‘இருக்கை 4. பெல்ட் அணியவும்.’

திரையைப் பார்த்தேன். பயணிகள் 2.

இருக்கைக்கு அடியில் எடை பார்க்கும் சென்சார் இருக்கிறது. அதற்கு ஏதோ கிறுக்கு என்றுதான் நினைத்தேன். நான்காம் இருக்கை எனக்கு நேர் எதிரில். காலி. வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

“கொசு, நாலாம் சீட் சென்சார் போயிடுச்சு. வண்டி நகர மாட்டேங்குது.”

“யாரைடா ஏத்துன?”

“ஆமா, வழியில லிஃப்ட் கேட்டாங்க. டேய், நான் மட்டும்தான்டா இருக்கேன்.”

“எழுபத்தோரு கிலோ காட்டுது.”

டிங்.

நின்றால் ஏசி நின்றுவிடும். பேட்டரியை மிச்சப்படுத்த நாங்களே செய்த ஏற்பாடு. கண்ணாடிப் பெட்டி, மேலே வெயில். 3:20-க்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. 3:24-க்கு உள்ளே நாற்பத்து நாலு டிகிரி. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. உள்ளே அவசர நிறுத்தத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. இருந்தது என்றால், போன வாரம் வரை. பார்வையிட வந்த கல்லூரி முதல்வர் அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து உடைத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது இரண்டு ஒயரும் ஒரு செல்லோடேப்பும்.

டிங்... டிங்... நொடி தவறாமல்.

“கொசு, வந்து கதவைத் திறடா.”

“நான் நடந்து வர இருபது நிமிஷம். அதுவரைக்கும் வெந்துடுவ. சும்மா அந்த பெல்ட்டை எடுத்து மாட்டி விடு, கிளம்பிடும்.”

சரியான யோசனைதான். ஆள் இல்லாத இருக்கைக்கு நானே பெல்ட் போட்டுவிட்டால் தீர்ந்தது. எழுந்து போனேன். பெல்ட்டை இழுத்தேன். ஆளே இல்லாத இருக்கையில் பெல்ட் முதுகுச் சாய்வோடு தட்டையாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டவில்லை.

ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது. ஒரு வயிற்றைச் சுற்றி வருவதுபோல... வளைந்து வந்தது.

அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மாட்டினேன். வெக்கையில் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

க்ளிக்.

3:29. ஏசி வந்தது. வண்டி கிளம்பியது. என் இருக்கையில் விழுந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, எதிரே பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

புள்ளி 31. 32. 33.

செயற்கைக்கோள் பதினாலு. பதினொன்று. ஆறு.

மேலே மேகம் இல்லை, மரம் இல்லை. சிக்னல் குறையக் காரணமே இல்லை. மூன்று. ஒன்று.

செயற்கைக்கோள் 0.

சிக்னல் போனால் வண்டி உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் கீழே பிழை என்ற இடத்தில் 0.000 என்று இருந்தது. அப்படி ஓர் எண்ணை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் துல்லியம் வேண்டுமென்றால் ஒருவன் ஒரே இடத்தில்... எத்தனை காலம் நிற்க வேண்டுமோ தெரியாது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

நான்காம் இருக்கைக்கு முன்னால் வெள்ளைத் தூசு. இரண்டு கால் தடம். வெறுங்கால். பக்கத்தில் பக்கத்தில், இம்மியும் அசையாமல். நடந்து வந்த தடம் இல்லை. நிற்கிற தடம்.

“கொசு.”

“சொல்லு.”

“வண்டியை நிறுத்து.”

“நின்னுட்டுத்தானேடா இருக்கு.”

“ஓடிட்டு இருக்குடா! முப்பத்தெட்டு தாண்டிடுச்சு!”

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் மாறியிருந்தது.

“விளையாடாத. இங்க வண்டி நிக்குதுன்னுதான் காட்டுது. வேகம் பூஜ்யம். நாற்பத்தி ஒண்ணாம் புள்ளியில நிக்குது.”

“நாற்பத்தி ஒண்ணுன்னு புள்ளியே கிடையாதுடா.”

“ஃபைல்ல இருக்கே. நீதானே குறிச்ச? உன் பேர்தான் போட்டிருக்கு.”

“அது எங்க இருக்கு?”

அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

“குவாரி உள்ள,” என்றான். “விளிம்புல இருந்து பன்னெண்டு மீட்டர் தள்ளி. உயரம் பார்த்தா... நம்ம ரோடு மட்டத்துல இருக்கு. டேய், அங்க தரையே இல்லடா.”

3:33. புள்ளி 40. பாதை இடது பக்கம் திரும்பும். வண்டி நிறுத்தத்தில் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

‘அடுத்த புள்ளி: 41. தூரம் 90 மீ.’

துருப்பிடித்து விழுந்து கிடந்த கம்பிவேலி மேல் சக்கரம் ஏறியது. கிர்ர்... என்று அடியில் உரசியது. வேகம் குறைந்தது. நடக்கிற வேகம். ஒரு ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற வேகம்.

“ஸ்டாப் அமுக்கு கொசு!”

“அமுக்கிட்டேன்! நிக்கிற வண்டியை எப்படி நிறுத்தறதுன்னு கேக்குது!”

எதிரே ஆள் வந்தால், கல் இருந்தால், சுவர் இருந்தால் பெட்டி நிற்கும். பள்ளம் வந்தால் நிற்காது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்து நிற்க நாங்கள் அதற்குச் சொல்லித் தரவில்லை.

70 மீ.

என் பெல்ட்டைக் கழற்றினேன். டிங். அவ்வளவுதான். புறப்படும்போது மட்டும் பெல்ட்டைச் சோதித்தால் போதும் என்று புரோகிராம் எழுதியது நான். மிச்சத்தை அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதும் நான்.

60 மீ.

கதவை உதைத்தேன். கண்ணாடியை உதைத்தேன். முழங்கால்தான் வலித்தது.

50.

மெயின் சுவிட்ச். அதை அணைத்தால் எல்லாம் செத்துவிடும். அது எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. நான்காம் இருக்கைக்கு அடியில்.

அந்த இரண்டு தடங்களுக்கு நடுவில் கையை விட வேண்டும்.

40.

முட்டி போட்டேன். கையை நீட்டினேன். ஏசியின் குளிர் இல்லை அது. மண்ணுக்கு அடியில் இருக்கிற ஈரக் குளிர். சுண்ணாம்பு வாடை. என் தலைக்கு மேலே...

மூச்சுச் சத்தம்.

மெதுவாக. அடக்கிக்கொண்டு. கம்பு ஆடிவிடக் கூடாதே என்று மூச்சை அடக்குகிறவன் விடுகிற மூச்சு. எனக்குத் தெரியும். முப்பத்தொன்பது புள்ளியில் நானும் அப்படித்தான் விட்டேன்.

கையை எடுத்துக்கொண்டேன்.

30.

முன் கண்ணாடியில் தரை முடிகிற இடம் தெரிந்தது. அதற்குப் பிறகு வானம்.

25.

டிங். டிங். டிங்.

20.

“போதும்!”

கத்தினேன். யாரிடம் என்று தெரியாது. அந்த டிங் மணியிடமா, வண்டியிடமா...

“போதும்! போதும்! போதும்!”

க்ளிக்.

நான்காம் இருக்கையின் பெல்ட் கழன்றது. தானாக. சுருண்டு உள்ளே போனது.

வண்டி நின்றது.

கதவு திறந்தது.

பயணிகள் 1.

3:35.

இறங்கவில்லை, விழுந்தேன். முன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் என் செருப்பு நீளம்தான் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். எதிரே கொசு மூச்சிரைக்க ஓடி வந்தான். என்னைக் கட்டிப்பிடித்து, கெட்ட வார்த்தையில் நலம் விசாரித்தான்.

புராஜெக்ட் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சென்சார் பிரச்சினை. சிக்னல் பிரச்சினை. ஃபைல்ல தப்பான புள்ளி. எல்லாம் விளக்கலாம்,” என்றார். எதையும் விளக்கவில்லை.

மறுநாள் காலை தேர்வு தள்ளிப்போனது. புள்ளிகளைச் சரிபார்க்க ஒரு சர்வேயர் மேடத்தை வரவழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, வெயிலில் கறுத்த கை, சுருக்கமான பேச்சு. கல்லூரி லேப்பில் கொசு ஃபைலைத் திறந்து காட்டினான். நாற்பத்தொன்றாம் வரியில் விரலை வைத்தான். மேடம் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“இதை யார் எடுத்தா?”

“நான்தான் மேடம். ஆனா நான் எடுக்கல.”

அவர் திரையைப் பார்க்காமல் அந்தப் புள்ளியின் எண்களைச் சொன்னார். கடைசி இலக்கம் வரைக்கும். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அந்த ஆலையில்தான் அவருக்கு முதல் வேலை. அங்கே அப்போது அளவெடுக்கச் செயற்கைக்கோள் எல்லாம் கிடையாது. முக்காலியில் வைத்துப் பார்த்து அளக்கும் கருவி இவர் கையில். கம்பு பிடிக்க ஒருவர்.

“எங்க அப்பா வயசு அவருக்கு,” என்றார் மேடம். “ஆனா கருவி என் கையில. அதனால நான் சொன்னாத்தான் அசைவார். அந்த ஓரத்துல நில்லுங்கண்ணே, நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையாதீங்கன்னேன். அப்ப சங்கு ஊதிட்டாங்க. வெடி வைக்கிற நேரத்தை மாத்தினதை எங்களுக்கு யாரும் சொல்லல. எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடினேன். கருவியைக்கூட மறக்காம தூக்கிட்டு ஓடினேன்.”

மேடம் திரையில் அந்த வரியைப் பார்த்தார்.

“அவர் ஓடல. நின்ன தரையோட சேர்ந்து போயிட்டார். நான்தான் சொல்லலையே.”

“மேடம்... நேத்து வண்டியில நான் சொல்லிட்டேன். போதும்னு. கத்திச் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தேழு வருடமாகத் தூக்கி வைத்திருந்த எதையோ இறக்கி வைத்த முகம். ஒரு நிமிடம்தான். பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. கையை விட்டார்.

“அடுத்த புள்ளி எதுன்னு சொன்னியா தம்பி?”

“இல்லையே. ஏன்?”

“போதும்னு சொன்னா கம்பைத் தூக்கிட்டு, சொன்னவங்க பக்கத்துல வந்து நிக்கணும். அடுத்த புள்ளி சொல்ற வரைக்கும். அவர் அதுல ரொம்பச் சரியா இருப்பார்.”

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அன்று சாயங்காலம் 6:10-க்குக் கொசு செய்தி அனுப்பினான். ஃபைலில் ஒரு வரி கூடியிருக்கிறதாம். புள்ளி 42. கம்பும் ரிசீவரும் லேப்பில், பூட்டிய அலமாரிக்குள். ‘இடம் உன் ஹாஸ்டல். ரெண்டாவது மாடி உயரம். உன் ரூம்னு நினைக்கிறேன். பிழை 3.1 மீட்டர்தான், பயப்படாத, பக்கத்து ரூமாக்கூட இருக்கலாம்.’

6:40. பிழை 1.4.

7:05. பிழை 0.3.

நிற்க நிற்கக் குறையும் என்று முன்பே சொன்னேன்.

அறையில் நான் மட்டும்தான். கூட இருப்பவன் ஊருக்குப் போயிருந்தான். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எங்கே போனாலும் என் பக்கத்தில்தானே வந்து நிற்கப் போகிறார்... அடுத்த புள்ளி எது என்றும் தெரியவில்லை. எந்த இடத்தைச் சொல்வது? யார் வீட்டைச் சொல்வது? போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்தேன்.

7:30-க்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. சாப்பிட்டாயா என்றாள், ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்றாள். பரீட்சை டென்ஷன் என்றேன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைபேசிக்கு அருகில் வந்தாள்.

“ஏன்டா, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?”

“என்னம்மா?”

“வயசுல பெரியவரை நிக்க வச்சுட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டுப் பேசுற? பாவம், கையில என்னமோ கம்பு வேற வச்சிருக்கார். உக்காரச் சொல்லுடா.”